நாயகர்களை மாற விடாதவர்கள் யார்?

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கிற யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் புகார்ப் பட்டியல் வந்துவிடும். செத்தவர் யாரும் செத்துப்போவதில்லை. 'இனி எதுவும் பழையபடி இருக்காது' என்ற அறிவிப்போடு ஆண்டுக்கு ஒரு மெகா தொடர் வருகிறது. அது முடிந்ததும் எல்லாம் பழையபடியே இருக்கிறது. அந்த ஒரு கதை புரிய வேண்டுமென்றால் வேறு ஐந்தாறு இதழ்களையும் வாங்க வேண்டும். போன வருடம்தான் முதல் இதழ் வந்தது, இந்த வருடம் மறுபடியும் முதல் இதழ். இருபது பக்கக் கதைக்கு நான்கு டாலர், சிலவற்றுக்கு ஐந்து. நம் காசுக்கு முந்நூறு, நானூறு ரூபாய்.

இந்தப் புகார்கள் எல்லாம் எங்களுடையவையும்தான். 'காலையில் மனு, மாலையில் ஆர்ப்பாட்டம், ராத்திரியில் ஸ்பைடர்மேனா தோழர்?' என்று எங்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆமாம், ஸ்பைடர்மேன்தான். எங்கள் வட்டத்தில் மூத்தவர்கள் இரும்புக்கை மாயாவியில் தொடங்கியவர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிடத் தொடங்கிய அந்தப் பிரிட்டிஷ் நாயகன், எங்கள் ஊர்களுக்கு வந்து சேரும்போது அட்டை போயிருக்கும், ஓரம் மடங்கியிருக்கும். அமெரிக்கக் காமிக்ஸ் பிறகு பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தது. முதல் பாதி கிடைத்தால் மறு பாதி கிடைக்காது. இளையவர்களுக்குத் திரைப்படங்கள் வழியாக வந்தது, அப்புறம் கைபேசியில்.

எங்களுக்கு அது பிடித்ததற்குப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஒருவரும் மதிக்காத ஒருவன் ஒரு நாள் நிமிர்ந்து நிற்கிறான். 1963இல் வந்த எக்ஸ்மென், பிறப்பினாலேயே வெறுக்கப்படுகிறவர்களின் கதை. பிறப்பு என்ற சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று இதைப் படிக்கிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்தச் சலிப்பை நாங்கள் வெளியே நின்று பேசவில்லை. ஆனால் அந்தச் சலிப்புக்குக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு தயார்நிலைப் பதில் விற்கப்படுகிறது. காமிக்ஸில் அரசியல் புகுந்துவிட்டது, கறுப்பினத்தவரையும் பெண்களையும் முஸ்லிம்களையும் நாயகர்கள் ஆக்கினார்கள், அதனால்தான் எல்லாம் கெட்டது என்பது அந்தப் பதில். நம் பிள்ளைகள் சிலரும் அமெரிக்க யூடியூபர்களைப் பார்த்துவிட்டு இதையே திருப்பிச் சொல்லக் கேட்கிறோம். இதை மறுப்பதற்கு நமக்குக் கொள்கைக் காரணம் உண்டு. அதை இங்கே ஒதுக்கி வைத்துவிடுவோம். முதலில் கணக்கே ஒத்துவரவில்லை.

அரசியல் இப்போதுதான் புகுந்தது என்கிறார்களே, அதை எடுத்துக்கொள்வோம். சூப்பர்மேன் 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தான். அன்றைய சூப்பர்மேன் வேற்றுக்கிரக வில்லன்களோடு மல்லுக்கட்டவில்லை. மனைவியை அடிக்கிறவனைப் பிடித்தான். பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் மாட்டவைத்தான். 1939 ஜனவரி இதழில், சேரிப் பிள்ளைகள் குற்றவாளிகள் ஆவதற்கு அவர்கள் வாழும் இடமே காரணம் என்று கண்டு, அந்த இடிந்த குடியிருப்புகளைத் தரைமட்டமாக்கி, அரசாங்கம் புது வீடு கட்டித்தர வேண்டிய நிலையை உண்டாக்கினான். கேப்டன் அமெரிக்கா 1941இல் தன் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்தினான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவே இல்லை. 1970இல் டென்னி ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் உருவாக்கிய 'கிரீன் லான்டர்ன்' கதை ஒன்றில், ஏழைக் கறுப்பின முதியவர் ஒருவர் நாயகனை நிறுத்திக் கேட்கிறார்: வேறு வேறு நிறத் தோல் கொண்ட வேற்றுக்கிரகத்தாருக்கெல்லாம் உதவினாயே, கறுப்பர்களுக்கு என்ன செய்தாய்? நாயகன் தலைகுனிகிறான். அரசியல் புதிதாக வந்த விருந்தாளி இல்லை, தோழர்களே. வீட்டைக் கட்டியதே அதுதான்.

அடுத்து, சலிப்பின் வயது. ஸ்பைடர்மேன் வாசகர்கள் இன்றும் மறக்காத காயம் 2007இல் நடந்தது. பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் கல்யாணம் ஆனது. இருபது ஆண்டுகள் அந்தக் குடும்பத்தோடு வாசகர்களும் வளர்ந்தார்கள். கல்யாணமான நாயகன் வயதானவனாகத் தெரிகிறான் என்று நிறுவனத்துக்குத் தோன்றியது. ஒரு சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு, சாகக் கிடக்கும் மே அத்தையைக் காப்பாற்ற, அந்தக் கல்யாணமே நடக்காததாக ஆக்கினார்கள். அதற்கும் பின்னால் போனால், 1992இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள். கறுப்புப் பையில் சுற்றிய அந்த இதழை வாங்க கடைகளில் வரிசை நின்றது. அடுத்த ஆண்டே அவன் எழுந்து வந்துவிட்டான். 1991இல் 'எக்ஸ்மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு எண்பது லட்சத்துக்கும் மேல் கடைகளுக்குப் போனது. இவையெல்லாம் பின்னால் விலை ஏறும் என்று நம்பி வாங்கி வைத்தவர்கள் ஏமாந்தார்கள், கடைகள் மூடப்பட்டன, 1996 டிசம்பரில் மார்வெலே திவாலானது. அப்போது எந்த முஸ்லிம் பெண் நாயகியும் வந்திருக்கவில்லை. எந்தக் கறுப்பினச் சிறுவனும் ஸ்பைடர்மேன் சட்டையைப் போட்டிருக்கவில்லை.

அப்படியானால் உண்மையில் வாசகர்களை வதைப்பது எது? மாற்றம் அல்ல. மாற்றத்தைக் காட்டி, காசு வாங்கிக்கொண்டு, மாற்றத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வது.

பார்பரா கோர்டனின் கதை எங்களுக்கு இதைத் தெளிவாகப் புரியவைத்தது. பேட்கர்லாக இருந்த அவளை 1988இல் வந்த 'தி கில்லிங் ஜோக்' கதையில் ஜோக்கர் சுட்டு, முதுகுத்தண்டைச் சிதைத்தான். ஒரு பெண்ணை உடைத்து ஆண்களின் கதையை நகர்த்தும் வேலைதான் அது. ஆனால் கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் தம்பதியர் அவளை அங்கேயே விட்டுவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, கணினி வழியே எல்லா நாயகர்களுக்கும் தகவல் தரும் 'ஆரக்கிள்' ஆக்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாற்றுத்திறனாளி வாசகர்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகப் பார்த்தார்கள். 2011 செப்டம்பரில் டிசி நிறுவனம் 52 தலைப்புகளை முதல் இதழிலிருந்து புதிதாகத் தொடங்கியபோது, அவளை எழுந்து நடக்கவைத்துப் பழையபடி பேட்கர்லாக்கியது. மாற்றுத்திறனாளி வாசகர்கள் வருத்தப்பட்டு எழுதினார்கள். பேட்மேனின் முதுகெலும்பையும் ஒரு கதையில் உடைத்தார்கள். அவன் ஓரிரு ஆண்டில் எழுந்துவிட்டான். அவனோடு ஒப்பிட்டால், நாற்காலியில் இருந்தபடியே வீரராக இருக்கலாம் என்று காட்டியவள் ஒருத்திதான். அவளையும் எடுத்துக்கொண்டார்கள்.

பழையதற்குத் திரும்புவது நடுநிலையான செயல் அல்ல என்பதைக் கவனியுங்கள். பழையது யாருக்கு வசதியாக இருந்ததோ அவர்களுக்குத்தான் அது திரும்பிப் போகிறது. இதை நாம் ஊரில் பார்க்காததா? பொதுப் பாதையில் நடக்கும் உரிமையை ஒரு வருடம் போராடி வாங்கினால், அடுத்த திருவிழாவுக்குள் 'பழைய வழக்கம்' என்று ஒரு குரல் எழும்.

ஏன் மாற விடுவதில்லை? சூப்பர்மேன் கதாபாத்திரமாக இருப்பதற்கு முன்பே சொத்தாகிவிட்டான் என்பதுதான் பதில். அவனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1938இல் 130 டாலருக்கு முழு உரிமையையும் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், பெயரே இதழிலிருந்து நீக்கப்பட்டது. 1975இல், பெரிய படம் வரவிருந்த நேரத்தில், பத்திரிகைகளில் இந்த அநியாயம் பேசப்பட்ட பிறகே ஆண்டுத் தொகையும் பெயரும் கிடைத்தன. மார்வெலின் பாதி உலகத்தை வரைந்த ஜாக் கிர்பி, தன் கையால் வரைந்த பக்கங்களைத் திரும்பப் பெறவே 1980களில் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவருடைய வாரிசுகளோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது 2014இல். அவர் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

சேரியை இடித்து வீடு கேட்ட சூப்பர்மேன் எங்கே போனான் என்றால், இங்கேதான் போனான். டி-ஷர்ட், பொம்மை, திரைப்படம், பள்ளிப் பை எல்லாவற்றிலும் ஒரே முகமாக நிற்க வேண்டிய சொத்து, வீட்டு உரிமையாளர்களைப் பகைத்துக்கொள்ளாது. வயதாகாது. பிள்ளை பெற்று ஓய்வு பெறாது. எழுதுகிறவர் நல்லவராக இருந்தால் நல்ல கதை ஒன்று நடக்கும். அவர் போனதும் அடுத்தவர் வந்து பொம்மைகளைப் பெட்டியில் பழைய வரிசையில் அடுக்கி வைப்பார்.

இந்தப் பெட்டியில் புதிதாக வருகிறவர்களுக்கு என்ன நடக்கிறது? பிளாக் பாந்தரைப் பாருங்கள். 1966 ஜூலை தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில் வந்தான். அதே ஆண்டு அக்டோபரில்தான் பிளாக் பாந்தர் கட்சி பிறந்தது. கட்சி பெயர் பெற்றதும் நிறுவனத்துக்குக் கூச்சம். 1972இல் ஒரு கதையில் நாயகன் தன் பெயரை 'பிளாக் லெப்பர்ட்' என்று மாற்றிக்கொள்கிறான். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அதே 1972இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் அந்தக் கட்சியைப் பார்த்து தங்கள் இயக்கத்துக்கு 'தலித் பாந்தர்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சொல்லை நிறுவனம் கூச்சத்தோடு கீழே போட்ட ஆண்டில், நம்மவர்கள் அதைப் பெருமையோடு எடுத்துக்கொண்டார்கள்.

2016இல் டா-நெஹிசி கோட்ஸ் அந்தத் தொடரை எழுத வந்தார். முதல் இதழ் நன்றாக விற்றது. அந்த உற்சாகத்தில் 'வேர்ல்ட் ஆஃப் வகாண்டா' வந்தது. ராக்ஸேன் கே எழுதினார், யோனா ஹார்வியும் உடன் எழுதினார். ஆறே இதழில் நிறுத்தினார்கள். 2017இல் 'பிளாக் பாந்தர் அண்ட் தி க்ரூ' வந்தது. ஹார்லெமில் ஒரு முதிய உரிமைப் போராளி காவலில் இறக்கிறார்; அதற்கு நியாயம் தேடுவதுதான் கதை. இரண்டு இதழ்கள் வந்திருந்தபோதே அதை நிறுத்தும் முடிவு வெளியே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே பெயர் கொண்ட திரைப்படம் நூறு கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது.

இரண்டே இதழில் எப்படி முடிவெடுக்க முடியும் என்று கேட்கலாம். விற்பனை முறை அப்படி. அமெரிக்கக் காமிக்ஸ் கடைக்காரர் ஓர் இதழை வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காததைத் திருப்பி அனுப்ப முடியாது. நட்டம் அவருடையது. ஆகவே தெரிந்த முகத்துக்கு அதிகமாகவும், தெரியாத முகத்துக்குக் குறைவாகவும் ஆர்டர் போடுவார். முதல் இதழை ஒரு வாசகர்கூடப் படிப்பதற்கு முன்பே இரண்டாம், மூன்றாம் இதழ்களின் தலைவிதி எழுதப்பட்டிருக்கும். அதனால்தான் முதல் இதழ் என்ற எண்ணின் மீது இவ்வளவு மோகம். எண் ஒன்று என்றால் ஆர்டர் கூடும். 2015இல் 'ஸ்குவிரல் கர்ல்' தொடருக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை முதல் இதழ் வந்தது. இரண்டாவதன் அட்டையில் அவர்களே அதைக் கேலி செய்துகொண்டார்கள்.

புத்தகக் கடையிலும் நூலகத்திலும் தொகுப்பாக வாங்கிப் படிக்கும் மாணவிகள் இந்தக் கணக்கில் காலத்தோடு வருவதில்லை. கமலா கான் என்ற 'மிஸ் மார்வெல்' 2014இல் தனித் தொடராக வந்தபோது அவளைக் காப்பாற்றியது இந்த வாசகர்கள்தான். ஜெர்சி சிட்டியின் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருது பெற்றது. எங்கள் வட்டத்துத் தங்கைகள் இருவர் காமிக்ஸ் படிக்க வந்ததே அவளால்தான். அப்பாவுக்குத் தெரியாமல் ஜன்னல் வழியே இறங்கிப் போகிறாளே, அந்த ஒரு காட்சிக்காகவே அவளைப் பிடித்தது என்பார்கள். 2023 மே மாதத்தில் அவளைக் கொன்றார்கள். அவளுடைய இதழில்கூட இல்லை, ஸ்பைடர்மேனின் இதழில். ஜூலையில் உயிர்ப்பித்து, தொலைக்காட்சித் தொடருக்குப் பொருந்தும்படி எக்ஸ்மென் பக்கம் சேர்த்தார்கள். தங்கைகளில் ஒருத்தி அதோடு படிப்பதை விட்டுவிட்டாள். 'செத்தப்பவும் அவளுக்குன்னு ஒரு கதை தரலையே' என்றாள். நாங்கள் அவளைத் திரும்ப அழைக்கவில்லை. அவள் சொன்னது நியாயம்.

சாம் வில்சன் 2014இல் கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தை வாங்கினார். 2017 முடிவதற்குள் அது பழைய கைக்கே போய்விட்டது. கறுப்பின நாயகருக்கும் பெண் நாயகிக்கும் கொடுத்தது வாடகைச் சட்டை. வாடகைக் காலம் முடிந்ததும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். 2017இல் விற்பனை சரிந்தபோது, நிறுவனத்தின் விற்பனைப் பொறுப்பாளர் ஒருவர், பன்முகத்தன்மை வேண்டாமென்று வாசகர்கள் நினைப்பதாகக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள் என்று பேட்டி கொடுத்தார். எதிர்ப்பு வந்ததும் விளக்கம் கொடுத்தார். ஆனால் பழி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிட்டத்தட்ட ஆண்டுதோறும் மெகா தொடர், மாற்றி மாற்றி முதல் இதழ், கேப்டன் அமெரிக்காவே பாசிச அமைப்பின் ஆள் என்ற 2017ஆம் ஆண்டுக் கதை, நான்கு டாலர் விலை, இவற்றையெல்லாம் முடிவு செய்தவர்கள் மேலே இருந்தார்கள். கணக்குக் கேட்கப்பட்டது கடைசியாக உள்ளே வந்தவர்களிடம்.

இந்தப் புதுவரவுக் கதைகள் எல்லாமே நன்றாக இருந்தன என்று நாங்கள் சொல்லவில்லை. சில சப்பென்று இருந்தன. சில, கதாபாத்திரத்துக்கு ஓர் அடையாளத்தை ஒட்டிவிட்டு அதற்குமேல் யோசிக்கவே இல்லை. சுமாரான கதைகள் எழுதவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. சுமாரான பேட்மேன் கதைகளை வைத்து யாரும் பணக்கார வெள்ளையர்களைக் காமிக்ஸிலிருந்து நீக்கச் சொல்வதில்லையே.

வாசகர்கள் மாற்றத்தை வெறுக்கிறார்கள் என்பதற்கும் அண்மையில் பதில் கிடைத்துவிட்டது. 2024இல் மார்வெல் ஒரு தனி உலகத்தில் புது 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடங்கியது. அதில் பீட்டருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். 2007இல் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபதிப்பு மேல் மறுபதிப்பு போட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிசி வெளியிட்ட 'ஆப்சல்யூட் பேட்மேன்' கதையில் புரூஸ் வெய்ன் கோடீஸ்வரன் இல்லை. மாளிகை இல்லை, பணியாள் இல்லை. உழைக்கும் வர்க்கத்துப் பையன், கட்டுமானப் பொறியாளன். அந்த ஆண்டு மிக அதிகமாக விற்ற இதழ்களில் அதுவும் ஒன்று. பேட்மேனிடமிருந்து சொத்தைப் பிடுங்கினால் வாசகர்கள் கோபப்படவில்லை, வரிசையில் நின்றார்கள்!

ஆனால் இரண்டுமே முக்கிய உலகத்துக்கு வெளியே, தனி உலகங்களில் தொடங்கப்பட்டவை. ஊருக்குள் அனுமதியில்லை, வெளியே கட்டிக்கொள்ளுங்கள் என்பதுபோல. அவையும் நிறுவனத்தின் சொத்துதான். எத்தனை நாளைக்கு விடுவார்கள் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அதனால் எங்களுக்கு மைல்ஸ்டோன் முக்கியமாகப் படுகிறது. 1993இல் டுவெய்ன் மெக்டஃபி, டெனிஸ் கவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் ஆகிய கறுப்பினப் படைப்பாளிகள் தொடங்கிய நிறுவனம். அச்சும் விநியோகமும் டிசியுடையது, பதிப்புரிமை மைல்ஸ்டோனுடையது. 'ஸ்டாட்டிக்', 'ஐகான்', 'ஹார்ட்வேர்' எல்லாம் அங்கே பிறந்தவை. 'ஹார்ட்வேர்' கதையே, தன் கண்டுபிடிப்புகளில் பங்கு தராத முதலாளியை எதிர்க்கும் ஒரு கறுப்பினப் பொறியாளரின் கதைதான். சந்தை சரிந்த நேரத்தில், 1997இல், இதழ்கள் நின்றுபோயின. ஆனாலும் அந்த நாயகர்கள் யாருடைய சட்டையையும் வாடகைக்கு வாங்கியவர்கள் இல்லை. திருப்பிக் கேட்க ஆளில்லை.

பிரதிநிதித்துவம் வேண்டும் என்று நாம் பேசுகிறோம். பேச வேண்டும். அதோடு உரிமை யார் பெயரில் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் முகம் அட்டையில் வருவது ஒன்று. அந்த அட்டையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது வேறொன்று.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு எங்கள் யோசனை எளிமையானது. கதாபாத்திரத்தைத் துரத்தாதீர்கள், எழுதுகிறவரையும் வரைகிறவரையும் தொடருங்கள். மெகா தொடர்களை விட்டுவிடுங்கள். ஒன்றும் இழக்க மாட்டீர்கள். முடிந்த கதைகளைத் தொகுப்பாக, முடிந்தால் நூலகத்தில் கேட்டுப் படியுங்கள். காமிக்ஸ் என்றால் சூப்பர் ஹீரோ மட்டும் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். 1957இல் மார்ட்டின் லூதர் கிங்கையும் மாண்ட்கோமரி பேருந்துப் போராட்டத்தையும் பற்றி ஒரு சிறு காமிக்ஸ் இதழ் பத்து சென்ட் விலையில் வந்தது. முதல் சூப்பர்மேன் இதழின் விலையும் அதேதான். அந்த இதழைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். அவரே பின்னாளில் தன் போராட்ட வாழ்க்கையை 'மார்ச்' என்ற மூன்று பாகக் காமிக்ஸாகத் தந்தார். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை 2011இல் 'பீமாயணா'வாக வந்தபோது, அதை வரைந்தவர்கள் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள்.

எங்கள் வட்டத்தில் மூன்று பேர் வரைகிறார்கள், இரண்டு பேர் எழுதுகிறார்கள். பதினாறு பக்கத்தில் ஓர் இதழ் கொண்டுவரும் வேலை நடக்கிறது. நாயகி ஒரு பள்ளி மாணவி. பறக்கத் தெரியாது, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தெரியும். வரையத் தெரிந்தவர்கள், எழுத்துப் பொறிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள். சம்பளம் தர எங்களிடம் காசில்லை. வரைந்த பக்கத்தின் உரிமை வரைந்தவர் பெயரிலேயே இருக்கும். அதை முதல் பக்கத்திலேயே அச்சிடப் போகிறோம்.